கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் பேசிய சிங்களம்

நவம்பர் 4, செவ்வாய்

விடிய முந்தியே மழை. குசினிக்குள் மறுபடியும் ஒழுங்கைக் கான் நிரம்பி வந்த சாக்கடைத் தண்ணீர். துடைத்து, கழுவி, மருந்து தெளித்து... காலைச் சாப்பாடு பாண்தான். முழங்கால் நோ.

அபி வேலையால் வந்து தேநீர்கூடக் குடிக்கவில்லை, ஒரே கதை. பேத்தி பாராளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். (இதை எழுதும்போது இப்போதும் ஒரு சந்தோஷம்.) வெள்ளிக்கிழமை பாராளுமன்றக் குழு ஒன்று எங்கள் வெள்ளவத்தைக்கே வருகிறதாம். மழைத்தண்ணீர் வடிகால் சட்டத்தைத் திருத்த முந்தி, சனத்திடம் நேரே கேட்கப் போகிறார்களாம். புது நடைமுறை. தமிழில் பேசினால் மொழிபெயர்ப்பாளர் உள்ளே இருந்து உடனே சிங்களத்தில் சொல்ல ஒரு கண்ணாடிப் பெட்டி, கேட்க எல்லாருக்கும் காதுக்கருவி. சபைக்குள் அது எப்போதிருந்தோ இருக்கிறது. வெளியே வருகிற குழுக்களுக்கு இல்லை. அபிதான் விடாமல் கேட்டு வாங்கினாள்.

"இப்ப ஒருக்காத்தான் அம்மம்மா, பரீட்சித்துப் பாக்கினம். எங்கட ஆக்கள் பாவிச்சாத்தான் மற்ற ஊருகளுக்கும் தருவினம். நீங்கள் முதல் ஆளா எழும்பித் தமிழில கதையுங்கோ. பிறகு மற்ற ஆக்களும் கதைப்பினம்."

"அதுக்கென்னடி. கான் தண்ணியைப் பற்றிக் கதைக்க எனக்கு ஆர் சொல்லித்தர வேணும்?"

நவம்பர் 6, வியாழன்

நல்ல வெயில். ஈர மிதியடிகள் எல்லாம் வெளியே.

சொல்ல வேண்டியது: மேலே எழும்பிய புதுத் தொடர்மாடி. அதன் குழாயை எங்கள் ஒழுங்கைப் பழைய கானில் கொண்டுவந்து பொருத்தியது. கட்ட அனுமதி கொடுத்தவர்கள் கானைப் பெருப்பிக்காதது. கீழ்வீட்டுப் பிள்ளைகளின் காய்ச்சல். கட்டுகிறவனுக்குச் சட்டத்தில் இவ்வளவு எழுதுகிறீர்கள், பள்ளத்தில் இருக்கிறவனுக்கும் ஏதாவது எழுதுங்கோ என்று கடைசியில்.

அடுப்படியில் சத்தமாய்ச் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேச்சுப் போல இல்லை. நாளைக்கு உடுக்க நீலச் சேலை மினுக்கி வைத்தாயிற்று.

நவம்பர் 7, வெள்ளி

மூட்டம். மழை இல்லை.

மண்டபம் நிறையச் சனம். நீள மேசை, கோப்புகள், ஒலிவாங்கி, நடுவில் குழுத் தலைவர். ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அபி. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

முதலில் என் பெயர். எழும்பினேன். அந்த மேசையையும் கோப்புகளையும் கண்டதும் வாய் தானாய்ச் சிங்களத்துக்குத் திரும்பிவிட்டது.

"மஹத்தயா, வெஸ்ஸட்ட அப்பே கெதரட்ட வத்துர எனவா. ஹரி அமாருய்."

மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, சரியான கஷ்டம். அவ்வளவுதான். மிச்சத்துக்கு என்னிடம் சொல் இல்லை. சந்தையிலும் சோதனைச்சாவடியிலும் படித்த சிங்களம் என்னுடையது. சண்டை நாட்களில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதைப் பேசித்தான் வீடு வந்து சேர்ந்தேன். உத்தியோகத்தரைக் கண்டால் இன்னும் அதுதான் வருகிறது.

தலைவர் சிரித்து, அம்மா நல்ல சிங்களம் பேசுகிறீர்கள் என்றார். எனக்கு, வெட்கமில்லாமல், பெருமை. நிமிர்ந்து பெட்டிப் பக்கம் பார்த்தேன். அபி கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்திருந்தாள்.

எனக்குப் பிறகு எழும்பியது தையல்கடை ரஹீம் நானா. சிங்களம். அவருக்குப் பிறகு எல்லாரும் சிங்களம். திக்கித் திணறி, பாதியில் விட்டு, இருந்தார்கள்.

வாசலில் நானாவைப் பிடித்தேன். "தமிழில கதைக்கப் போறன் எண்டுதானே வந்தனீங்கள்?"

"நீங்களே அவங்கட பாஷைல வெளுத்துக் கட்டினா, நாங்க தமிழ்ல பேசுற எப்பிடி அக்கா? ரஹீமுக்கு சிங்களம் தெரியாதுண்டு நெனைச்சிருவாங்களே!"

அபி வாகனத்தில் ஏறிப் போய்விட்டாள். காதுக்கருவிகள் பெட்டியில் அடுக்கியபடியே போயின.

நவம்பர் 12, புதன்

புழுக்கம். மீன்காரன் வரவில்லை.

முடிவு வந்துவிட்டது. மற்ற ஊர்களுக்குப் பெட்டி இல்லை. ஒருத்தரும் பாவிக்கவில்லை, அதனால் தேவையில்லையாம். அபி இதைச் சொல்லிவிட்டு, இடியப்பம் மெத்தென்று இருக்கிறது என்றாள்.

"நான் வந்து உங்கட பெரியவரிட்ட சொல்லட்டே? பிழை என்னில எண்டு?"

"எந்தப் பாஷையில அம்மம்மா?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் கையைக் கழுவ எழும்பினாள், பாதி இடியப்பம் கோப்பையில்.

நவம்பர் 14, வெள்ளி

பின்னேரம் தூறல்.

அபி என் முன்னால் வந்து இருந்தாள். "சொல்லுங்கோ. அண்டைக்குச் சொல்ல இருந்ததை."

"இப்ப என்னத்துக்கு?"

"எனக்குக் கேக்கவேணும்."

தொடங்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சுப் பின்னால் சிங்களத்தில் வந்துகொண்டிருந்தாள். குழாய், அனுமதி, பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் அவளிடம் சொல் இருந்தது. நான் கோபப்பட்ட இடத்தில் அவளும் கோபம். எனக்குச் சிங்களம் விளங்கும். என் வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தியின் பேச்சு அந்தப் பாஷையில் அவ்வளவு மரியாதையாய், பயமில்லாமல் வந்து நான் கேட்டதில்லை.

குழு இன்று ஹெந்தளையில் கூடியதாம். அங்கே எவ்வளவு தமிழ் வீடுகள். பெட்டி போகவில்லை.