இந்த வேலை இன்னும் தேவையா?

ஆம்பூர்
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கவிப்ரியா,

நீயும் வீட்டில் எல்லோரும் நலமா? போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் மெயில்.

நேற்று ராணிப்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் எனக்கு இன்டர்வியூ. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் இன்டர்வியூ. படித்தது மறந்துவிடவில்லை என்று காட்ட என்னிடம் ஒன்றுதான் இருந்தது: 'ஊர்க்கிணறு' திட்டத்துக்கு நான் செய்து அனுப்பிய வரைபடம். கல்லூரியில் நானும் நீயும் தொடங்கியது, கிணற்றுத் தண்ணீரின் நிறம், உப்பு எல்லாவற்றையும் மக்களே பதிவார்கள், இதன் சாஃப்ட்வேர் நிரலை யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தலாம் என்று பெருமையாகச் சொன்னேன். நீதான் இப்போது அதை நடத்துகிறாய் என்றும் சொன்னேன்.

சூரியபிரகாஷ் என்று ஒருவர்தான் கேள்வி கேட்டார். என் எதிரிலேயே திட்டத்தின் பக்கத்தைத் திறந்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க மேடம். ஆனா இதை எங்க மாட்டுவீங்க? இந்த வரைபடம் வர்ற பக்கத்தையே மூணு வருஷம் முன்னாடி தூக்கிட்டாங்களே."

"புதுசா வர்றவங்க எடுத்துச் செய்யலாம்னு திட்டத்தோட லிஸ்ட்ல இந்த வேலை இருந்துச்சு சார்."

"லிஸ்ட்ல இருக்குது. சாஃப்ட்வேர்ல இல்லையே."

அவர் பக்கத்தில் இருந்த பெண் சிரிப்பை அடக்கினாள்.

ஐந்து வாரம், கவி. தினமும் விடிகாலை ஐந்திலிருந்து ஏழு வரை, என் வீட்டுக்காரர் ஹம்மாத் தன் ஷூ ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும்வரை உட்கார்ந்து செய்தேன். மே மாதம் அனுப்பினேன். உன்னிடமிருந்து ஓர் எழுத்துகூட இல்லை. நேற்று சாயந்திரம் ஹம்மாத் கேட்டார், "இன்னா கௌசர், இன்னா சொன்னாங்க?" என்ன சொல்வது?

நீயே சொல்.

கௌசர்

பெங்களூரு
9 ஆகஸ்ட் 2025

என் கௌசி,

படித்ததும் மனசு என்னவோ போலாகிவிட்டது. மன்னித்துக்கொள். அந்தப் பட்டியல் பழசு. அதில் நாற்பத்தாறு வேலைகள் இருக்கின்றன, பாதியை எழுதியது யார் என்றுகூட எனக்கு நினைவில்லை.

ஆனால் நீயும் கொஞ்சம் யோசித்துப் பார். ஆபீஸ் வேலை போக எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும். யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை. தொடங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனே?

உன் மகள் தூபாவுக்கு என் முத்தங்கள். எட்டாவது வந்துவிட்டாளா?

உன்
கவி

ஆம்பூர்
11 ஆகஸ்ட் 2025

கவிப்ரியா,

தூபா நான்காவதுதான் படிக்கிறாள்.

நான் கேட்டேன். ஏப்ரல் மூன்றாம் தேதி, அந்த வேலைக்குக் கீழேயே எழுதியிருக்கிறேன்: "இந்த வேலை இன்னும் தேவையா?" அடுத்த நிமிஷமே உன் பெயரில் பதில் வந்தது: "வரவேற்கிறோம்! தாராளமாக எடுத்துச் செய்யுங்கள்!" என் பெயரைப் பார்த்து நீயே சந்தோஷத்தில் எழுதினாய் என்று நினைத்தேன். யார் என்ன கேட்டாலும் அதே வரியை அனுப்ப மெஷினுக்குச் சொல்லி வைத்திருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

இரண்டு நாளாக மொத்தப் பட்டியலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முப்பத்தொன்று செத்த வேலைகள். சில எப்போதோ முடிந்தவை, சில இல்லாத பக்கங்களுக்கானவை. ஒன்று, ராணிப்பேட்டையைத் தனி மாவட்டமாகச் சேர்க்கச் சொல்கிறது. அதை 2020-லேயே யாரோ சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு பேர் உட்கார்ந்து அதையே செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை செய்கிற ஆல்வின் என்பவர் போன வருஷம் ஒரு வேலையை எடுத்திருக்கிறார். நான்கு முறை கேள்வி கேட்டிருக்கிறார். நான்கு முறையும் மெஷின் வரவேற்றிருக்கிறது. கடைசியாக அவர் எழுதியது: "இங்கே யாராவது இருக்கீங்களா?"

உனக்கு நேரமில்லை என்பது எனக்குப் புரிகிறது. நேரமில்லாதவள் ஏன் கூப்பிடுகிறாய்? இந்த வாரமே அந்த முப்பத்தொன்றையும் எடுத்துவிடு.

கௌசர்

பெங்களூரு
17 ஆகஸ்ட் 2025

கௌசி,

உன் கோபம் நியாயமானது. ஆனால் இப்போது எடுக்க முடியாது. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்.

ஓர் அமைப்பு, நம் கிணற்றுக் கணக்கையெல்லாம் சேமித்து வைக்க நமக்கு இலவசமாக சர்வர் தர யோசிக்கிறது. செப்டம்பரில் முடிவு. அவர்கள் முதலில் பார்ப்பது, திட்டம் உயிரோடு இருக்கிறதா, புதியவர்களுக்கு வேலை இருக்கிறதா என்பதைத்தான். நாற்பத்தாறு என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். இன்று பதினைந்தாகக் குறைந்தால் கேட்பார்கள். சர்வர் இல்லையென்றால் பன்னிரண்டு வருஷக் கிணற்றுக் கணக்கு போய்விடும். செப்டம்பர் முடியட்டும், நானே உட்கார்ந்து துடைத்து எடுக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ கல்யாணம் செய்துகொண்டு போனபோது இதை நான்தான் தனியாக இழுத்தேன். அப்போது ஒரு நாளாவது நீ வந்து கேட்டாயா?

கவி

ஆம்பூர்
18 ஆகஸ்ட் 2025

கவிப்ரியா,

கேட்கவில்லை. அது என் தப்பு. அதற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆல்வின் உனக்கு என்ன செய்தார்? ராணிப்பேட்டையை மறுபடி மறுபடி சேர்த்த அந்த இரண்டு பேரும் என்ன செய்தார்கள்?

நேரமில்லாமல் விட்டுவிட்டாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். எண்ணிக்கைக்காகத் தெரிந்தே வைத்திருக்கிறாய். உன் விண்ணப்பத்தில் ஓர் எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நான் ஐந்து வாரம் விடிகாலையில் எழுந்தேனா? ராணிப்பேட்டை வேலை வேறொருவருக்குப் போய்விட்டது, இன்று மெயில் வந்தது. அந்த வரைபடத்தால்தான் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் சிரிப்பு உன்னால் வந்தது.

இன்று காலை முப்பத்தொன்றின் கீழும் என் பெயர் போட்டு எழுதிவிட்டேன்: "இந்த வேலை தேவையில்லை. தயவுசெய்து யாரும் எடுக்காதீர்கள்." ஒவ்வொன்றுக்கும் காரணமும் எழுதியிருக்கிறேன். உனக்கு அழிக்கும் உரிமை இருக்கிறது. அழித்தால் மறுபடி எழுதுவேன்.

கௌசர்

பெங்களூரு
2 செப்டம்பர் 2025

கௌசர்,

அழித்தேன். திட்டத்தின் பக்கத்தில் நீ எதுவும் எழுத முடியாதபடி உன்னைத் தடையும் செய்தேன். நீ பார்த்திருப்பாய்.

நான் அழிப்பதற்கு முன்பே உன் குறிப்பு ஆல்வினுக்குத் தானாகவே மெயிலாகப் போயிருக்கிறது. அவர் எனக்கு எழுதினார்: "மேடம், அந்த வேலையே தேவையில்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. எனக்குத்தான் புரோகிராமிங் வரலைன்னு நினைச்சு அதையே விட்டுட்டேன்." ஆபீஸ் கேன்டீனில் படித்தேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

நேற்று முப்பத்தொன்றையும் மூடினேன். உன் குறிப்புகளை நீ எழுதியபடியே திரும்பப் போட்டு, வேலை செய்து ஏமாந்த ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்த மெஷின் பதிலை நிறுத்திவிட்டேன். சர்வர் தருபவர்களுக்கும் உண்மையான எண் பதினைந்துதான் என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை. கிடைக்காமலும் போகலாம்.

தடையை நீக்கி, உனக்கும் எனக்குச் சமமான உரிமை கொடுத்து அழைப்பு அனுப்பியிருக்கிறேன். ஏற்றுக்கொள். தனியாக முடியவில்லை, கௌசி. முன்பே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

கவி

ஆம்பூர்
8 செப்டம்பர் 2025

கவி,

பார்த்தேன். முப்பத்தொன்றும் மூடியிருக்கிறது. மன்னிப்பையும் படித்தேன், ஒழுங்காக எழுதியிருக்கிறாய். தனியாக முடியவில்லை என்று நீ எழுதியதை ஹம்மாதிடமும் படித்துக் காட்டினேன். "தோஸ்த்னா இதை முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உன் அழைப்பை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அப்படியே கிடக்கட்டும்.

மிச்சமுள்ள பதினைந்தில் ஒன்றை வியாழக்கிழமை ஆல்வின் எடுத்திருக்கிறார். வாணியம்பாடிக் கிணறுகளின் அளவு லிட்டரிலா, அடியிலா என்று கேட்டிருக்கிறார். நான்கு நாளாகப் பதில் இல்லை. எனக்கு விடை தெரியும். வேண்டுமென்றேதான் எழுதாமல் இருக்கிறேன்.

முதலில் அவருக்குப் பதில் எழுது. எனக்கு அப்புறம் எழுதலாம்.

கௌசர்