இருபத்திரண்டு எழுத்து

ஆகஸ்ட் 6, புதன்
இவ்வளவு நேரம் கழித்து உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நோட்டுப்புத்தகமே. இனியா இப்போதுதான் தூங்கினாள். பதினேழு மாதம் ஆகியும் என் பெண் பிடிக்காமல் நிற்கவில்லை. தசையில் கோளாறா என்று பார்க்க டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்று அங்கன்வாடியில் தொடையில் தடுப்பூசி ஆயிற்று, நாளை ரத்தம். "வெள்ளிக்கிழமை பௌர்ணமி. அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடு, கடைக்கு என் ரெண்டு கை பத்தாது" என்றார் என் வீட்டுக்காரர் மணிவேல். கிரிவலப் பாதையில் சர்பத் கடை வைத்திருப்பவர்களுக்கு மாதமே அந்த ஒரு நாள்தான்.

ஆகஸ்ட் 7
வேங்கிக்கால் லேபில் ரத்தம் எடுத்தார்கள். அவள் அங்கே அழுதாள். நான் பஸ்ஸில்.

ஆகஸ்ட் 8, பௌர்ணமி
ரிசல்ட் வந்தது. தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் என்சைம் — ஜாஸ்தி. நாலு மடங்கு. சர்பத் கலக்கிக்கொண்டே பாதையைப் பார்த்தேன். கால்கள், கால்கள், வெறுங்கால்கள். இத்தனை பேரும் நடக்கிறார்களே, என் குழந்தை மட்டும் — அய்யோ, எழுத முடியல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
ஆதிலட்சுமிக்குப் போன் செய்தேன். காலேஜில் ஒரே பெஞ்ச். நான் பி.எஸ்ஸி.யோடு நின்றுவிட்டேன், அவள் பெங்களூரில் தசை ஆராய்ச்சி செய்கிறாள்.

"கருவிலேயே தப்பா ஆயிருக்குமாடி?"

தசை எப்படி உருவாகிறது என்று சொன்னாள். மைக்ரோ ஆர்என்ஏ — ஏறக்குறைய இருபத்திரண்டே மரபெழுத்து உள்ள துணுக்கு. எங்கள் கடைப் பலகையில் அதைவிட ஜாஸ்தி எழுத்து. "அது புரோட்டீன் எதுவும் செய்யாதுடி. செல்லுக்குள்ள புரோட்டீன் செய்யச் சொல்ற வேற சேதிங்க ஓடும்ல, அதுங்க வாயை அடைக்கும். அவ்ளோதான்." ஒரே இழையிலிருந்து இப்படி இரண்டு துணுக்குகளை செல் வெட்டி எடுக்குமாம். ஒன்று செல்களைப் பெருகவிடும். இன்னொன்று, பெருகினது போதும், தசையாகு என்று திருப்பும். இப்படித்தான் ஒரு கால். நான் மாவு அரைத்தபோது, சீரியல் பார்த்தபோது, என் வயிற்றுக்குள் இது நடந்திருக்கிறது. ஒரு சத்தமும் கேட்கவில்லையே!

பிறகு கேட்டாள்: "ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ஊசி கீசி போட்டீங்களா?"

"முந்தின நாள். தொடையில."

"லூசு! குத்தின தசையிலேர்ந்தும் அந்த என்சைம் கசியும்டி. டாக்டர்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. பௌர்ணமி அவசரம்.

ஆகஸ்ட் 11
டாக்டர் திட்டவில்லை. "மூணு வாரம் விட்டுத் திரும்ப எடுக்கலாம்மா."

ஆகஸ்ட் 23
தூங்கும்போது அவள் கெண்டைக்காலில் கை வைத்துப் பார்க்கிறேன். உள்ளே எது எதை வாயடைக்கிறது?

செப்டம்பர் 2
நார்மல். மணிவேல் ரிசல்ட்டில் இருந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்மிதானே? கம்மிதானே?" டாக்டர், சில குழந்தைகள் தாமதமாக நடக்கும், நவம்பரில் பார்ப்போம் என்றார். நவம்பரா?

செப்டம்பர் 7, பௌர்ணமி
ஆதிக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

"ஆதி, சாயங்காலம் இனியா கடையில எலுமிச்சம்பழ மூட்டையைப் பிடிச்சிட்டு நின்னா. கையை விட்டுட்டா. நாலு அடி! பாதையில போற காலுங்களைப் பார்த்துக்கிட்டே. கிரிவலம் வந்த ஒருத்தர், 'பாப்பா, நீயும் வர்றியா?'ன்னாரு. எங்க வீட்டுக்காரரு கையில இருந்த கிளாஸைக் கீழ போட்டுட்டாரு. அந்தத் துணுக்குங்க இப்பவும் அவ காலுக்குள்ள வேலை செய்யுதாடி? சீக்கிரம் பதில் போடு."