அம்மா மிச்சம் வச்ச ரொட்டி

முனீசு,

நீ இப்பத்தான் கண் அசந்த, எழுப்பல. நாளைக்குக் கருமாதிக்குப் பெரியப்பாவைக் கூட்டியார ஸ்ரீவில்லிபுத்தூர் போறேன். ரசம் வச்சிருக்கேன். என் மேல உள்ள கோபத்தைச் சோத்து மேல காட்டாத.

அத்தை வீட்டைக் கழுவச் சொல்லவும், நீ படம் வரைய அடுப்படியில வச்சிருந்த தட்டையும் டம்ளரையும் விளக்கிப்புட்டேன். அம்மா கடைசியாக் கடிச்சு மிச்சம் வச்ச ரொட்டியைக் காக்காய்க்குப் போட்டுட்டேன். நெசமா நெனப்பே இல்ல தாயி. அதுக்கு, "நீயெல்லாம் மனுசனா"ன்னு கேட்டுட்டியே.

புது ரொட்டி வாங்கி, அதே டம்ளர்ல பால் ஊத்தி வச்சிருக்கேன். பாத்து வரைஞ்சு முடிச்சிரு.

அப்பா

வெளிய போனா சாவியைப் பாலம்மா வீட்டுல குடு.

கிளம்பும்போது உன் படத்தைப் பாத்தேன். கடிச்ச ரொட்டியும் மிச்சப் பாலும் அப்படியே இருக்கு. புதுசைப் பாத்து எதையும் மாத்திராத. அதுல அம்மா இன்னும் சாப்பிட்டு முடிக்கல.