மருந்துப் பீப்பாயில் ஊறிய கல்

பூண்டுலோயா
2007 மார்ச் 11

அன்பு மகன் யோகராஜுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் காவலில் இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம், அந்த வெயில் தேசத்தில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன். தங்கச்சி நிஷாந்திக்கு டவுன் பாலர் பாடசாலையில் வேலை கிடைத்திருக்கிறது, சேலை கட்டப் பழகுகிறாள், கட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. மழை இல்லை. பீலியில் நூல் மாதிரித்தான் தண்ணீர் வருகிறது, மலையில் கொழுந்தும் குறைவு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் என்றால் அப்பா பக்கத்தில் இருப்பார், அதோடு இந்த விஷயத்தை வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது மகன்.

நுவரெலியா ஹோட்டல் மீன் தொட்டிக்கு அப்பா செய்து கொடுத்த கல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடலில் பவளப் பாறையை உடைக்கக் கூடாது, நாமே சீமெந்தில் கல் செய்து உப்புத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, பக்கத்தில் கடல் பூச்சி ஒட்டி வாழ்கிற ஒரு துண்டு நிஜமான உயிர்க்கல்லை வைத்தால் அதிலிருந்து இதற்கும் உயிர் பிடித்துவிடும் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். கல்லுக்கு உயிராம் என்றேன். அப்பா சிரிக்கவில்லை. சீமெந்து, சிப்பித் தூள், கல்லுப்பு எல்லாம் நீ சொன்ன அளவிலேயே பிசைந்து, மீன் நுழைந்து வர குகை குகையாக விட்டுச் செய்தார். உப்புக் கரைந்த இடமெல்லாம் ஓட்டை விழுந்ததும் லயத்து வரிசை வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். காலமெல்லாம் லயத்துச் சுவருக்கு ஒட்டுப் போட்ட மேசனுக்குப் பெருமை இருக்காதா. நீ ஊர் திரும்பி உன் கூட்டாளி உமாசுதனோடு தொடங்கப் போகிற தொழிலுக்கு இதுதான் முதல் வேலை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். பிறகு அந்தக் கல்லைத் தொட்டியில் வைத்து, மீன் பிழைத்து, இறாலும் நட்சத்திர மீனும் செத்து, ஹோட்டல்காரர்கள் இனி உங்கள் வேலையே வேண்டாம் என்று சொன்னதும் நீ போன் எடுத்தாய். சீமெந்துக் காரம் போறதுக்குள்ள அவசரப்பட்டுத் தூக்கிக் குடுத்துட்டீங்க, ஒங்கள நம்புனேன் பாருங்க, என்னச் சொல்லணும் என்று நீ கத்தியது அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது. அவர், ஆமாம்ப்பா, என் தப்புத்தான் என்று போனை வைத்தார். அதிலிருந்து மேசன் கரண்டியைத் தொடவில்லை. யாராவது சுவர் பூசக் கூப்பிட்டாலும் கை சரியில்லை என்கிறார்.

அவர் அவசரப்படவில்லை மகன். அவர் நோட்டன் பிரிட்ஜில் குவார்ட்டர்ஸ் கட்டுகிற வேலைக்குப் போய்த் தங்கியிருந்த நாளில் சீமெந்துக் காரம் இறங்க ஊறப் போட்ட கல்லுக்குத் தண்ணீர் மாற்றுகிற வேலை என்னுடையது. பிளாஸ்டிக் பேசினைத் தவிர வேற எதுலயும் போட்டுறாத என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். பீலியில் வரிசை நின்று குடம் குடமாகச் சுமந்து என் இடுப்பு விட்டுப்போனது. மருந்து அடிக்கிற கங்காணி செல்லசாமி அண்ணனிடம் கேட்டு ஒரு பெரிய பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தேன். ஒரு தடவை நிரப்பினால் நாலு நாளைக்குக் கவலை இல்லை. தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கிற நீலக் கொப்பர் மருந்து கரைத்த பீப்பாய்தான். நம் லயத்தில் யார் வீட்டில் அது இல்லை? சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டால் குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான், நீயும் அதில் மொண்டு குளித்து வளர்ந்தவன். மனுசனுக்கு ஆகாதது கல்லுக்கா ஆகாமல் போகும் என்று நினைத்தேன். அப்பா வருவதற்கு முதல் நாள் கல்லையெல்லாம் எடுத்துப் பேசினில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல இருந்துவிட்டேன்.

போன வாரம் நிஷாந்திக்குச் சேலை எடுக்க நுவரெலியா போன இடத்தில் உமாசுதனைக் கண்டேன். தொட்டித் தண்ணீரைச் சோதித்தாராம், கொப்பர், அதுதான் செம்பு, இருக்கிறதாம், இறால் சாதிக்கு அது துளி பட்டாலும் விஷமாம். அம்மா, கல்லைச் செப்புப் பாத்திரம் ஏதாவதிலை ஊறப் போட்டனீங்களோ என்று அந்தப் பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டது. எங்க வீட்டுல செப்புப் பாத்திரமே இல்லீங்க தம்பி என்றேன். அது பொய் இல்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது நிஷாந்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்பார்களே, நம் வீட்டிலேயே அப்படி நடக்கவிட்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். அவரிடம் சொல்லாமல் உனக்கு எழுதினால் நான் என்ன மனுசி என்று தோன்றியது. கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார், போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கோடரியைக் கூடக் கீழே வைக்கவில்லை. தெரியும் நாகு, மிஞ்சுன கல்லு ஒண்ண ஒடச்சுப் பாத்தேன், ஓட்டைக்குள்ள எல்லாம் நீலம் என்றார். எப்ப பாத்தீங்க என்றால், அவன் போன் எடுக்கிறதுக்கு முந்தியே என்கிறார். பிறகு ஏன் வாயை மூடிக்கொண்டு ஏச்சு வாங்கினீர்கள் என்று அழுதேன். அவன் என்னத் திட்டுனா எனக்கு ஒறைக்காது, அவனுக்கும் பழக்கம், ஒன்னயத் திட்டியிருந்தான்னா ரெண்டு பேரும் சோறு திங்க மாட்டீங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையை எடுத்து வைத்தார். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனுசனைப் போனுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கவிட்டேனே என்று நினைக்க நினைக்க எனக்குத் தலை நிமிரவில்லை.

அம்மன் உன்னைக் கண் போலக் காக்கட்டும், நீ நினைத்த தொழில் கைகூடட்டும், நல்லபடியாக வீடு வந்து சேர். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது முதலில் என்னைக் கூப்பிட்டு, அவரைத் திட்டிய அதே திட்டை ஒரு சொல் குறைக்காமல் என்னைத் திட்டு. அது என்னுடையது. அதன் பிறகு போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். மன்னிப்பு அது இது என்று பெரிதாகப் பேசாதே, அவர் கூசிப்போவார். அடுத்த கல்லை எப்பப்பா செய்யலாம் என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சோ. நாகலெட்சுமி