ஒருமனதாக

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இக்கடிதத்தில் வருபவை:
1. உன் அண்ணியின் கால்
2. கட்சியின் சுகாதாரத் திட்ட வரைவு
3. தலைமை அலுவலகம்
4. நீ

வரிசை தவறினால் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும்.

1. சர்க்கரைப் புண் ஆறி வருகிறது. தெருமுனைச் சிறு மருத்துவமனையில் கட்டு மாற்றுகிறார்கள். நர்ஸ் இவளைத் திட்டி, இவள் நர்ஸைத் திட்டி, இருவரும் சிநேகிதிகளாகிவிட்டார்கள்.

2. சிறு மருத்துவமனைகளை மூடிவிட்டு, நகரின் மறுகோடியில் ஒரே பெரிய மருத்துவமனையாம். அதற்கு ‘ஒருங்கிணைப்பு’ என்று பெயர். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தக் காலோடு உன் அண்ணி இரண்டு பஸ் மாற வேண்டும்.

3. அச்சடித்து முடித்துவிட்டுக் கிளைகளிடம் கருத்துக் கேட்கிறார்கள். கிளைச் செயலாளன் என்ற முறையில் நான் ஒப்புதல் அனுப்ப வேண்டுமாம்.

4. வரைவின் அடியில், ‘கொள்கைக் குழு ஒருமனதாக ஏற்றது’ என்றிருக்கிறது. அந்தக் குழுவில் நீ இருக்கிறாய். உன் கையும் மேலே போயிருக்கிறது. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 9

அண்ணா,

நாலாவது பாயிண்ட்ல என்னை நல்லா மாட்டி வெச்சிட்ட. முதல்லயே அதை எழுதியிருந்தா அண்ணி கால் பத்தி நிம்மதியாப் படிச்சிருக்க மாட்டேன். அதுக்கு நன்றி.

நான் கை தூக்கல. எழுந்து நின்னு, “எங்க அண்ணி எப்படிப் போவாங்க?”ன்னு கேட்டேன். தலைவர் சிரிச்சிட்டு, “குடும்பப் பிரச்சினையை வீட்ல பேசிக்கலாம்”னார். எல்லாரும் சிரிச்சாங்க. டீ வந்துடுச்சு. அப்புறம் அச்சுல ‘ஒருமனதாக’ன்னு வந்துச்சு. கேட்டா, “அது வழக்கமாப் போடறதுதானே”ங்கிறாங்க.

நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். அண்ணியைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

இம்முறை வரிசை போடவில்லை.

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. எதிர்ப்பு என்று ஒன்று இருந்தால் எழுதியிருக்க மாட்டார்களா என்று அண்ணியிடம் வாதாடினேன். அவள் காலை நீட்டியபடி, “அவன் பொய் சொன்னா எழுத்து சாய்ஞ்சிருக்கும். இது நேரா இருக்கு” என்றாள்.

ஞாயிறன்று கிளைக் கூட்டம். வரைவை வாசித்தேன். கைகள் உயர்ந்தன. என் கை எழுதிக்கொண்டிருந்தது. எழுதியதை வாசித்தேன்: “ஒருமனதாக ஏற்கப்பட்டது.”

கடைசி வரிசையிலிருந்து தையல்காரம்மா எழுந்தாள். “செயலாளரே, என் கை மடியிலதான் இருந்துச்சு. என் மனசை எந்தக் கணக்குல சேர்த்தீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் உன் டீ ஞாபகம் வந்து நிறுத்தினேன். நான் பொய் எழுதவில்லை, தம்பி. பேனா தானாக எழுதிவிட்டது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அடித்துவிட்டு, ‘ஒருவர் மறுத்தார்’ என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டு, ‘இருவர் மறுத்தனர், செயலாளர் உட்பட’ என்று எழுதினேன். தையல்காரம்மா, “சத்தமாப் படிங்க” என்றாள். படித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அடித்தல் திருத்தலோடு அப்படியே அனுப்பிவிட்டேன். பதவியிலிருந்து எடுத்தாலும் எடுப்பார்கள். நான் கட்சியை விட்டுப் போகப்போவதில்லை. நீயும் போகாதே.

அண்ணி உன்னை வரச்சொல்கிறாள். அவளுக்காக எழுந்து நின்றவன் அவளைப் பார்க்க வராமல் இருக்கலாமா என்று கேட்கிறாள்.

முதல் கடிதத்தில் நான்காவதாக எழுதியது தவறு. அடித்துவிடு.

அன்புடன்,
அண்ணன்