பம்பு நின்ற வெள்ளிக்கிழமை

அக்டோபர் 6, ஞாயிறு

தொட்டியை அறுத்து முடித்தேன். பழச்சாறு ஏற்றிவந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டி, இரும்புக் கூண்டோடு குப்பைமேட்டில் கிடைத்தது. மேலே ஒரு முழம் அறுத்தெடுத்துக் கவிழ்த்தால் அதுதான் சரளைப் பாத்தி. கீழே மீன், மேலே கீரை. மீன் அழுக்காக்கும் தண்ணீரைப் பம்பு மேலே ஏற்றும், கீரை அதைத் தின்று சுத்தமாக்கிக் கீழே விடும். இவ்வளவுதான் விஷயம்.

என் வீட்டுக்காரன் டெஸ் கதவில் சாய்ந்துகொண்டு, "கடல் எப்ப வரும் ரேலீன்? கப்பல் வாங்கிடட்டுமா?" என்றான். அறுக்கும்போது மறுபக்கம் பிடிக்க மட்டும் கை வரவில்லை.

பாலைவனச் சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லில் பிறந்தவள் நான். எங்கள் மண்ணில் ஈயம். ஐம்பத்தாறு வயதுவரை என் கொல்லையில் விளைந்த ஒரு இலையை நான் தின்றதில்லை. இது அவனுக்குச் சிரிப்பு.

அக்டோபர் 19

சரளையில் வினிகர் ஊற்றிப் பார்த்தேன். நுரைத்தது. சுண்ணாம்புக் கல், மீன் தண்ணீரைக் கெடுத்துவிடும். அத்தனையையும் திரும்ப அள்ளினேன். முதுகு போயிற்று.

நவம்பர் 10, ஞாயிறு

தண்ணீர் ஒருவழியாகப் பதமாகிவிட்டது. நாற்பது சில்வர் பெர்ச் மீன்குஞ்சுகள் விட்டேன், விரல் நீளம். நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஏறும் பிள்ளைகளைப் போலவே எல்லாம் பின்மூலைக்கு ஓடின.

டிசம்பர் 2

பக்கத்து வீட்டு சமிட் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். எழுபது வயது மால்டாக்காரர். மனைவி இறந்தபிறகு யாரோடும் பேச்சில்லை, புகார் மட்டும்தான்.

"உங்க மோட்டர் என் காதுக்குள்ளேயே ஓடுது. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. ஒருநாள் இதுக்கு நானே ஒரு முடிவு கட்டறேன், பாருங்க."

பம்பு தண்ணீருக்குள் இருக்கிறது. மீன் மூச்சுவிடக் கூடவே ஓடும் காற்று மோட்டர்தான் அந்த உறுமல். அடியில் ரப்பர் விரிப்பு போட்டேன். வேறென்ன செய்ய?

பிப்ரவரி 7, வெள்ளி

செத்துவிட்டன.

வெயில் நாற்பத்தைந்து டிகிரி. பேருந்தை நிறுத்திவிட்டு வந்தால் தண்ணீர் முழுக்க வெள்ளை வயிறுகள். பம்பு ஓடுகிறது. காற்று மோட்டரும் ஓடுகிறது. அப்புறம் ஏன்? ஏன்?

டெஸ் சொன்னான்: "சமிட் மத்தியானம் வேலியோரமா களைமருந்து அடிச்சிக்கிட்டு இருந்தான். என் கண்ணால பார்த்தேன்."

போனேன். தெருவே கேட்கக் கத்தினேன். விஷம் வைத்தவனே என்றேன். பொண்டாட்டி போனதில் ஆச்சரியமே இல்லை, நிம்மதியாகப் போயிருப்பாள் என்றேன். ஆம், அதையும் சொன்னேன். அவர் வலைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். டெஸ் என் பின்னால் நின்று தோளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பியர் திறந்து கையில் கொடுத்தான். பனிக்கட்டியாய் இருந்தது. அழுதுகொண்டே குடித்தேன்.

பிப்ரவரி 8

முப்பத்திமூன்றைப் புதைத்தேன். ஏழு மிச்சம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மண்வெட்டியை வைக்கக் கொட்டகைக்குப் போனேன். டெஸ்ஸின் பியர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவரில் பிளக் பாயின்ட் கருகியிருந்தது.

"இது எப்ப எரிஞ்சது?"

"போன வியாழக்கிழமை. எலக்ட்ரீஷியன் நாளைக்குத்தான் வரானாம்."

"அப்போ வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜ் எதுல ஓடுச்சு?"

அவன் பூட்ஸைப் பார்த்தான்.

அந்தப் பியர்! வெள்ளிக்கிழமை அந்த வெயிலில் அது எப்படிச் சில்லென்று இருக்கும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

"ஒரு மணி நேரம்தான்னு பம்பு, மோட்டர் ரெண்டையும் பிடுங்கிட்டு ஃபிரிட்ஜை மாட்டினேன். அப்படியே தூங்கிட்டேன். நீ வர்றதுக்குள்ள திரும்ப மாட்டிட்டேன்... மீன்தானே ரேலீன்."

மீன்தானே! மீனுக்காகவா கொதிக்கிறேன்? தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா திட்டியிருப்பேன், ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன், தீர்ந்திருக்கும். ஒரு கிழவர் முகத்துல என்னைக் காறித் துப்ப வச்சிட்டு பின்னாடி நின்னு தோளைத் தட்டினியேடா பாவி. அந்தக் கையை எங்க கொண்டுபோய்க் கழுவுவ?

பிப்ரவரி 12

சமிட் கதவைத் தட்டினேன். வலைக்கதவைத் திறக்காமலே, "விஷம் வச்சவன் வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே. மனைவியைப் பற்றிச் சொன்னதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு மோட்டர் நின்னது எனக்குக் கேட்டுச்சு. அப்பாடான்னு படுத்தேன். நான் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல" என்றார்.

அவர்மேல் கோபப்படப் பார்த்தேன். வரவில்லை. எல்லாம் ஒரே ஆளுக்குச் செலவாகிவிட்டது.

பிப்ரவரி 15

டெஸ்ஸிடம் ஒன்றுதான் கேட்டேன். சமிட்டிடம் போய் நீயே சொல்.

"நாலு மீனுக்காக நான் அந்தக் கிழவன் முன்னாடி தலை குனியணுமா?"

"என்னைக் குனிய வச்சியே."

அடிலெய்டில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். போகட்டும். ஃபிரிட்ஜைக் காலிசெய்து கதவைத் திறந்து போட்டேன்.

மார்ச் 9

சமிட் மரப்பெட்டி ஒன்று செய்து வந்தார், உள்ளே பழைய கம்பளம் ஒட்டியது. மோட்டரை அதற்குள் வைத்தோம். "இப்ப பூனை மாதிரி இருக்கு" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 20

டெஸ் போனில் பேசினான். வரட்டுமா என்றான். முதலில் தட்டவேண்டிய கதவு எது என்று உனக்குத் தெரியும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இன்னும் எரிகிறது. குரலைக் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொண்டது, அதற்கும் சேர்த்து எரிகிறது.

மே 3, சனி

ஏழும் உள்ளங்கை நீளம் வந்துவிட்டன. பாத்தி முழுக்கக் கீரை. சாயங்காலம் அறுத்துக்கொண்டிருந்தபோது டெஸ்ஸின் வண்டிச் சத்தம் கேட்டது. எங்கள் வாசலைத் தாண்டிப் போய் நின்றது. வலைக்கதவு தட்டும் சத்தம். சமிட் உடனே திறக்கவில்லை.

நான் போய்ப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு பிடி அறுத்தேன்.