கிளாரினெட் காகிதம் மட்டும் வாங்கி வா

திருவண்ணாமலை
5.8.2001, ஞாயிறு

அன்பு மகன் கோபிக்கு,

அம்மா மனதார வாழ்த்தி எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் அப்பாவும் நானும் அக்காவும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மும்பை மழையில் சளி காய்ச்சல் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் தாங்கவில்லை, ரூம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே லாட்ஜில் அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அக்கா அருணாதேவி ஆடிக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள், அவள் குழந்தை கவிநிலாவுக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், அப்பாவின் கிளாரினெட் பெட்டியின் தோல் பிடியைக்கூடக் கடித்து வைத்திருக்கிறாள். பரண்மேல் கிடந்த பெட்டி கீழே எப்படி வந்தது என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நம் தெருமுனை எஸ்.டி.டி. பூத் யாருடையது என்று உனக்குத் தெரியும், சகாதேவனுடையது. நான் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் ரசீதுக்கு முன்னால் அவன் அக்காள் புருஷன் பலராமன் காதுக்குப் போய்ச் சேரும்.

பலராமன் பத்து நாளைக்கு முன்னால் தாம்பூலத் தட்டோடு நம் வீட்டுக்கு வந்தான். அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று நினைக்காதே, நேரில் வாங்க உட்காருங்க என்றுதான் சொன்னேன், கடிதத்திலாவது என் இஷ்டப்படி இருக்க விடு. மகளுக்கு ஆவணியில் கல்யாணமாம், முதல் நாள் சாயங்காலம் போளூர் ரோடு மண்டபத்தில் ரிசப்ஷனாம், அவனுடைய பேண்டு செட்டே மேடையில் வாசிக்கிறதாம். "நம்ம ஊரு புள்ள கோபி நேவி பேண்டுல சாக்ஸபோன் ஊதறான்னா எனக்குத்தாம்மா பெருமை, எம் பொண்ணு ரிசப்ஷன்ல அவன் ஒரு சோலோ வாசிக்கணும், நானே மைக்ல சொல்லி கூப்புடுவேன்" என்றான். என்னமோ உனக்குச் சாக்ஸ் வாயில் செருகுகிற முதல் ரீடு அவன்தான் வாங்கிக் கொடுத்த மாதிரி. பிறகு அப்பா பக்கம் திரும்பி, "நீயும் ஓரமா வந்து குந்து இருசப்பா, செகண்ட் கிளாரினெட்டுக்கு ஆளு கம்மியா இருக்குது" என்று சொன்னான். வந்தவனுக்குக் காபி கொடுக்காமல் அனுப்பக்கூடாதே என்று கொடுத்தேன், ஆனால் வேண்டுமென்றே சர்க்கரை போடவில்லை. அவன் வாங்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "சுகர் இருக்கறது உனக்கு யாரும்மா சொன்னாங்க, கரெக்டா போட்டுட்ட" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? சரி என்றார். ஓரமாக வந்து குந்து என்று சொன்னவனிடம் சரி வருகிறேன் என்று தலையாட்டினார். அன்று சாயங்காலமே பரணில் ஏறிப் பெட்டியை இறக்கிவிட்டார். நான் சண்டை போட்டேன். "உடு சரோஜா, பழச போயி நோண்டிக்கினு, அவனே வாசலுக்கு வந்துட்டான்" என்கிறார். அடித்தவன் மறந்து போவான், அடிபட்டவன் மறக்க மாட்டான் என்பார்கள். நம் வீட்டில் அடிபட்டவரும் மறந்துவிட்டார், பார்த்துக்கொண்டிருந்த நான்தான் மறக்கவில்லை.

அப்போது நீ நாலாம் வகுப்பு, உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும், மீதியை இப்போது தெரிந்துகொள். கீழ்பென்னாத்தூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம், பலராமன் செட்டில் அப்பாதான் முதல் கிளாரினெட். அதற்கென்று மெட்ராஸுக்குப் போய்க் மியூசிக் கடையில் அரை நாள் நின்று நோட்ஸ் அச்சடித்த ஒரு சோலோ தேர்ந்தெடுத்து வந்தார். தனக்கு எட்டாத உயரத்துக்குப் போகக்கூடாது, மூச்சு எடுக்க இடம் இருக்க வேண்டும், கேட்கிறவனுக்கு இரண்டாம் தரம் வரும்போது அடையாளம் தெரிய வேண்டும், அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்தது. கிளாரினெட்டுக்கு ஒன்று, பேண்டுக்கு மற்றது என்று தனித்தனிக் காகிதம். நீகூட அந்த மெட்டைத் தூக்கத்தில் முணுமுணுப்பாய். அன்றைக்கு மேடையில் பெடஸ்டல் ஃபேன் காற்றில் காகிதம் பறக்கிறது என்று கொடியில் போடுகிற துணிக் கிளிப் இரண்டை நான்தான் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

முதல் பக்கம் முழுக்கக் கிளாரினெட் மட்டும்தான், பேண்டு பிறகுதான் சேரும். அப்பா ஊத ஆரம்பித்ததும் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் அப்பாவுக்குப் போட மோதிரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பலராமன் அதைப் பார்த்தான். முதல் பக்கம் முடிகிற இடத்தில் எழுந்து வந்து ஸ்டாண்டிலிருந்து காகிதத்தை வெடுக்கென்று உருவினான், கிளிப் ஒன்று தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. காகிதத்தைத் தன் மச்சான் சகாதேவன் முன்னால் வைத்து, மீதியை நீ சாக்ஸில் ஊது என்றான். அப்பாவிடம், "வாத்தியத்த மடில வெச்சிக்கினு கம்முனு குந்து" என்றான். அது மேடை, மைக் பக்கத்தில் இருந்தது, பந்தல் முழுக்கக் கேட்டது.

அது கிளாரினெட்டுக்கு எழுதின காகிதம். அதையே அந்தச் சாக்ஸில் வைத்து ஊதினால் விரல் ஒழுங்காகத்தான் போகும், சத்தம் மட்டும் வேறு சுருதியில் வந்து விழும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சகாதேவன் ஒரு பக்கம் போக, பேண்டு ஒரு பக்கம் போக, குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. பலராமன் மைக்கைப் பிடித்து என்ன சொன்னான் தெரியுமா? இருசப்பன் ராங் பேப்பர் வாங்கி வந்துவிட்டான், மன்னிக்கவும் என்று சொன்னான். மோதிரம் திரும்ப விரலுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஊரில் ராங் பேப்பர் இருசப்பன் என்று பெயர். மளிகைக் கடையில், பஸ் ஸ்டாண்டில், உன் அக்காவைப் பெண் பார்க்க வந்த இடத்தில்கூட, எந்த இருசப்பன், அந்த ராங் பேப்பரா என்று கேட்டார்கள். அவர் ஒருவரிடமும் விளக்கம் சொல்லவில்லை. செட்டை விட்டு வந்து லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது கோபி.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பலராமன் உனக்கும் போன் செய்து கூப்பிட்டதாகவும், இரண்டு சோலோ எடுத்து வைத்திருப்பதாகவும், எதை வாசிக்கலாம் என்று அப்பாவைக் கேட்டுச் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். முதலாவது, எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி பக்கம் முழுக்கக் கறுப்பாக இருக்கும் வேகமானது. அது வேண்டவே வேண்டாம். நீ மூச்சைப் பிடித்து ஊதி முடித்ததும் பலராமன் மைக்கில், நம் பேண்டு துணையில் எப்படி வாசித்தான் பாருங்கள் என்று கைதட்டலைத் தன் பக்கம் வாரிக்கொள்வான். இரண்டாவது மெதுவானது, ஆனால் பேண்டுக்காரர்களுக்குக் கஷ்டமான சுருதி என்று எழுதியிருந்தாய். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "ஷார்ப் ஜாஸ்தி, நம்ம பசங்க தடுமாறுவாங்க, வேணாம்னு எழுது" என்றார். எனக்கோ உடனே அதுதான் பிடித்துப் போயிற்று. தடுமாறட்டும், மகள் ரிசப்ஷனில் பலராமன் வேர்த்து வழியட்டும் என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன், வடைகூடச் சுட்டேன். பிறகுதான் உறைத்தது. பேண்டு தடுமாறினால் அவன் என்ன சொல்வான்? அப்பன் மாதிரியே பிள்ளையும் ராங் பேப்பர் என்பான். அந்தத் தடுமாறுகிற பேண்டில் ஓரமாக உன் அப்பாவும் உட்கார்ந்திருப்பார். அதனால் அதுவும் வேண்டாம்.

போன புதன்கிழமை மத்தியானம் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன். கீழே ஆள் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. படியிலேயே நின்றுவிட்டேன். அதே மெட்டு கோபி. அந்த முதல் பக்கம். காகிதம் ஒன்றும் இல்லை, நினைவிலிருந்துதான் ஊதுகிறார். பயந்துகொண்டுதான் கேட்டேன், ஆனால் சத்தம் கெட்டுப் போகவில்லை, கொஞ்சம் மூச்சுதான் வாங்குகிறது. பலராமன் காகிதத்தை உருவின இடம் வந்ததும் நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், மறுபடி அந்த இடத்திலேயே நின்றார். மீதி அவருக்குத் தெரியாமல் இல்லை, அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் மனப்பாடமாகத்தான் ஊதுவார். விரல் அதற்கு மேல் போக மாட்டேன் என்கிறது. உடு சரோஜா என்று என்னிடம் சொன்ன மனுஷன்தான் தொட்டிக்குப் பின்னால் தனியாக இப்படி உட்கார்ந்திருக்கிறார். நான் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. சோற்றுக் கேரியரைப் படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் நான் சொல்கிறதைக் கேள். உனக்கென்று சோலோ எதுவும் எடுத்து வராதே. மும்பையில் பெரிய கடைகள் இருக்கின்றன, அந்த மெட்டை ஊதிக் காட்டியாவது அந்தச் சோலோவைத் தேடி வாங்கு. அதன் இங்கிலீஷ் பெயர் எனக்கு வாயில் நுழையாது, உனக்கு மெட்டே போதும். மேலே கிளாரினெட் என்று அச்சடித்திருக்க வேண்டும், ஒருமுறைக்கு இருமுறை பார். பேண்டுக்கான காகிதங்களைச் சேர்த்துக் கொடுப்பார்கள், அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வா, வந்தாலும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். அப்பாவுக்கு உதடு இப்போது முன்னைப்போல் இல்லை, ரீடு கொஞ்சம் மெல்லிசாகப் பார்த்து வாங்கு, மழையில் ஊறிப் போகாமல் டப்பாவில் போட்டுக் கொண்டு வா. பலராமன் மறுபடி போன் செய்து என்ன வாசிக்கப் போகிறாய் என்று கேட்டால், நல்லதாக ஒன்று மாமா என்று மட்டும் சொல்.

அன்றைக்கு அவன் மைக்கில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். நீ போய் ஸ்டாண்டில் அந்தக் காகிதத்தை வைத்துவிட்டு, இது கிளாரினெட் பேப்பர் மாமா, வாசிக்க வேண்டியவர் எங்கள் அப்பா, அவர் பெயரைச் சொல்லுங்கள் என்று மைக்கிலேயே சொல். சம்பந்தி வீட்டார் முன்னால் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. இருசப்பன் என்கிற பெயரை ராங் பேப்பர் என்கிற ஒட்டு இல்லாமல் அவன் வாயாலேயே இந்த ஊர் கேட்க வேண்டும். அப்பா எழுந்திருக்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார். நான் முன்வரிசையில் இருப்பேன், அவரை எழுப்புவது என் பொறுப்பு. துணை இல்லாமல் நன்றாக இருக்குமா என்று கேட்காதே. முதல் பக்கம் எப்படியும் தனிதான். இரண்டாம் பக்கத்தில் நடுநடுவே பேண்டு மட்டும் வாசிக்க வேண்டிய இடங்கள் வரும், அங்கெல்லாம் அப்பா வாத்தியத்தை இறக்கிவிட்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டு நிற்பார். பேண்டிடம் காகிதம் இருக்காது. அந்த நேரமெல்லாம் மண்டபத்தில் ஒரு சத்தமும் இருக்காது, தொப்பியும் தங்கச் சரிகையும் போட்டுக்கொண்டு பலராமன் தன் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு கம்மென்று குந்தியிருப்பான், ஊர் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீயும் உன் சாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார், அவன் எழுந்து கை நீட்டினால் தடுக்க ஒரு ஆள் வேண்டும்.

லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, ரயிலில் யார் எது கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே, ஈரத் துணியோடு படுக்காதே. அக்காவும் குட்டியும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். அண்ணாமலையார் உனக்கு நீண்ட ஆயுளும், யாருக்கும் பயப்படாத மூச்சும் கொடுக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போடு, அப்பாவுக்குத் தெரிந்தால் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடுவார்.

இப்படிக்கு
உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் அம்மா
சரோஜா இருசப்பன்

பி.கு: மேடையில் ஃபேன் காற்று பலமாக இருக்கும். காகிதத்தைப் பிடித்துக்கொள்ள என்ன செய்வது என்று நீ கவலைப்படாதே. அன்றைக்கு என் காலடியில் விழுந்த கிளிப்பை நான் கொடியில் மாட்டவே இல்லை, எடுத்து வருகிறேன்.